கிஜோகா பாஷோஃபு: வாழை நாரைத் துணியாக்கும் முழு வேலை, வரிசை மாறாமல்

ஜப்பானின் ஓகினாவா தீவின் வடபகுதியில், ஓகிமி கிராம எல்லைக்குள் இருக்கும் சிற்றூர் கிஜோகா. அங்கே வாழை நாரில் நெய்யும் துணிக்குப் பாஷோஃபு என்று பெயர். இந்த வழிகாட்டி அந்த ஊரின் வேலை வரிசையைப் பின்பற்றுகிறது. புதிதாகக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் தறியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் அவர்களுடைய துணி தறியில் கெடுவதில்லை. வயலில், கொதிபானையில், முடிச்சுப் போடும் விரலில் கெடுகிறது. ஆகவே நெசவுக்கு முந்தைய வேலைகளையே இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. நாரின் அடி எது, நுனி எது என்பது எந்தக் கட்டத்திலும் கலந்துவிடக் கூடாது. அடிப்பக்கம் தடிப்பு, நுனிப்பக்கம் மெலிவு. அடியிலிருந்து பிளந்தால் நார் நீளவாக்கில் சீராகப் போகும். நுனியிலிருந்து பிளந்தால் பாதி வழியில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு அறுந்துவிடும். உரிப்பதிலிருந்து முடிச்சிடுவதுவரை இந்த ஒன்றைக் காப்பாற்றினால் பாதி வேலை ஒழுங்காகிவிடும்.

1. தொடங்கும் முன்: எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும்

ஒரு கிமோனோவுக்கான துணிச்சுருள் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம் இருக்கும். அதற்குச் சுமார் 200 செடிகள் தேவைப்படும். முதல் முயற்சியில் அவ்வளவு பெரிதாகப் போக வேண்டாம். 30 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம் உள்ள மேசைவிரிப்பு போதும்.

அதற்கு எவ்வளவு இழை தேவை என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். செ.மீட்டருக்கு 10 இழை என்று வைத்தால் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் இழைக்கு, 300 இழை. தறியில் கட்டவும் கடைசியில் வெட்டவும் போகும் நீளத்தைச் சேர்த்து ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் என்றால் மொத்தம் 750 மீட்டர். ஊடைக்கு, அதாவது குறுக்காக ஓடும் இழைக்கு, 1,500 ஓட்டம், ஒவ்வொன்றும் 32 செ.மீ. என்றால் 480 மீட்டர். அறுந்து வீணாவதையும் சேர்த்து 1,400 மீட்டர் கையில் இருக்க வேண்டும். ஒரு நார் ஒன்றரை மீட்டருக்கு உள்ளேதான் கிடைக்கும் என்பதால், ஆயிரம் முடிச்சுக்குக் குறையாமல் போட வேண்டியிருக்கும். செடிக் கணக்கில் 20 வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கு முரடாக ஒதுங்கிவிடும்.

காலமும் முக்கியம். கிஜோகாவில் செடி வெட்டுவது அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை. அந்தக் குளிர்மாதங்களில் எடுக்கும் நார்தான் மென்மையாக இருக்கும். நெய்வதற்கு உகந்தது மே நடுவிலிருந்து ஜூன்வரை பெய்யும் மழைக்காலம், ஏனென்றால் காற்றில் அப்போதுதான் போதிய ஈரம் இருக்கும். இடைப்பட்ட மாதங்கள் இழைகளை முடிச்சிட்டு இணைப்பதற்கு. இந்த மூன்றையும் ஒரே மாதத்தில் முடிக்கத் திட்டமிடுவது முதல் தவறு.

கருவிகள்: கூரான சிறு கத்தி, ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம், கனமான கயிறு, நார் வழிக்கும் மூங்கில் இடுக்கி, ராட்டை, தெளிப்பான், கைத்தறி. அலுமினியப் பாத்திரம் கூடாது. சாம்பல் காரம் அதை அரித்துவிடும். மூங்கில் இடுக்கியை ஊர்க்காரர்கள் ‘ஏபி’ என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் இரண்டு மூங்கில் சில்லுகள் ஒரு முனையில் இணைந்திருக்கும், அவ்வளவுதான். அதன் விளிம்பு நாரை வெட்டாமல் சதையை மட்டும் வழித்தெடுக்கும் அளவுக்கு மழுங்கியிருக்க வேண்டும். புதிதாகச் செய்தால் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

2. செடி: மூன்று ஆண்டுப் பராமரிப்பு

இதற்கென வளர்ப்பது இதோ-பாஷோ என்னும் நார்வாழை. இதன் காய் முழுக்க விதை, உண்ண உதவாது. கன்று நட்டு, வெட்டும் பக்குவம் வர மூன்று ஆண்டு பிடிக்கும்.

இந்த மூன்று ஆண்டில் தவறவிடக் கூடாத வேலை இலை வெட்டுதல். ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை இலைகளையும் நுனிக் குருத்தையும் வெட்டிவிட வேண்டும். விட்டுவிட்டால் தண்டு அடியில் பருத்தும் மேலே மெலிந்தும் வளரும். நாரும் அதே மாதிரி அடி முரடாக, நுனி பஞ்சாக வரும். வெட்டி வளர்த்த தண்டு அடியிலிருந்து மேல்வரை ஏறக்குறைய ஒரே பருமனாக நிற்கும், நாரும் மென்மையாகும்.

பூவிட்ட செடியை நாருக்கு எடுக்காதீர்கள். குலை தள்ளும் தண்டு நடுவே எழும்போது மட்டைகள் முதிர்ந்து விறைத்துவிடும். பழத்துக்காக வளர்த்து, குலை வெட்டியபின் சாய்த்த வாழையை வைத்து வேகவைக்கவும் வழிக்கவும் பழகலாம். மெல்லிய துணிக்கு அந்த நார் தோதுப்படாது. பூத்தொடுக்கக் கிழித்துக் காயவைக்கும் வாழை நாரும் வேறு விஷயம். அது வேகவைக்காத மட்டைத் துண்டு, சதையும் பசையும் அதிலேயே இருக்கும், இழையாகப் பிளக்க வராது.

3. வெட்டி உரித்து நான்காகப் பிரித்தல்

தண்டை அடியோடு வெட்டிச் சாய்த்து, மேல் கொண்டையை நீக்குங்கள். வெட்டிய அன்றே உரித்துவிடுவது நல்லது. வெட்டுமுகம் காற்றுப்பட்டுக் கருக்கும். அந்தக் கறை நாருக்குள் இறங்கினால் வேகவைத்தாலும் போகாது.

அடிப்பக்கத்தில் கத்தியால் கீறி, வெளிமட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு மட்டையையும் தனியாக எடுத்து, அதன் அடி விளிம்பில் சில செ.மீ. ஆழத்துக்குக் கத்தி வைத்து, வெளித்தோலையும் உட்பக்கத்தையும் பிரியுங்கள். பிறகு வெளித்தோலை ஒரு கையிலும் உட்பக்கத்தை மறு கையிலும் பிடித்து, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே இழுப்பில் பிரியுங்கள். நல்ல நார் வெளித்தோல் பக்கம்தான். உட்பக்கத்தை வயலிலேயே போட்டால் உரமாகும்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, உரிப்பதை முடித்துவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போடுவது. உரித்த பிறகு எது எந்த அடுக்கு என்று கண்ணால் சொல்வது கடினம். ஆகவே உரிக்கும்போதே நான்கு குவியல் வையுங்கள்.

மிக வெளி அடுக்கு வாஹா. முரடு, மேசைவிரிப்பு, இருக்கைத் திண்டு போன்றவற்றுக்கு. அடுத்தது நஹாவூ, இடைக்கச்சைத் துணிக்கு. அதற்கும் உள்ளே நஹாகூ, இதுவே கிமோனோவுக்குரியது. நடுத்தண்டை ஒட்டியிருப்பது கியாகி. மிக மெல்லியது, ஆனால் எளிதில் நிறம் மாறும் என்பதால் சாயமிடும் இழைக்கு ஒதுக்குவார்கள். முதல் மேசைவிரிப்புக்கு நஹாவூவை எடுங்கள். நஹாகூவின் மென்மை ஆசைகாட்டும். ஆனால் பழகாத விரலில் அது அறுந்துகொண்டே இருக்கும்.

நான்கு குவியலையும் அடிப்பக்கம் ஒரே திசையில் இருக்கும்படி கட்டுங்கள். கட்டின் அடிப்பக்கத்தில் ஒரு துணி நாடாவால் அடையாளம் வைத்தால் வெந்த பிறகும் குழப்பம் வராது. ஒரு கட்டு, ஒரு கையால் வளைத்துப் பிடிக்கும் பருமனுக்கு மேல் போக வேண்டாம். தடித்த கட்டில் வெளிப்புறம் குழைந்தும் நடுப்பகுதி வேகாமலும் போகும்.

4. சாம்பல் நீரில் வேகவைத்தல்

முழு வேலையிலும் மிக அதிகம் இழப்பு நேரும் இடம் இது. நாரை மட்டையோடு ஒட்டவைத்திருப்பது பசைப்பொருள். காரம் அதைக் கரைக்கும். காரம் குறைந்தால் பசை போகாது, வழிக்கும்போது நார் கிழியும். காரம் மிகுந்தால் நாரே குழைந்து வலுவிழக்கும். திருத்த வழியிருப்பது முதல் குறைக்கு மட்டும். ஆகவே ஐயமிருந்தால் காரம் குறைவாகவே இருக்கட்டும்.

சாம்பல் நீரை முந்தின நாளே தயார் செய்யுங்கள். விறகுச் சாம்பலைச் சலித்து, கரித்துண்டும் ஆணியும் நீக்கி, தண்ணீர் ஊற்றிக் கலக்கி இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். மறுநாள் மேல்நீரை மட்டும் துணியில் வடிகட்டுங்கள். பெயின்ட் அடித்த மரம், ஒட்டுப்பலகை ஆகியவற்றின் சாம்பல் வேண்டாம். அதிலுள்ள பொருட்கள் நாரில் கறையாக ஏறும்.

விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் சோப்பு நீர் மாதிரி வழுக்க வேண்டும். உடனே கையைக் கழுவிவிடுங்கள். கை பழகும்வரை காரத்தன்மை காட்டும் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த அளவில் எப்படி வெந்தது என்று குறித்து வைத்தால், மூன்றாம் நான்காம் பானையிலிருந்து ஊகம் தேவைப்படாது. ஒவ்வொரு வீட்டுச் சாம்பலும் ஒவ்வொரு விதம் என்பதால், வேறொருவர் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

நீரை நன்றாகக் கொதிக்கவிட்டபின் பாத்திரத்தின் அடியில் கயிற்றைக் குறுக்காக விரியுங்கள். அதன்மேல் கட்டுகளை அடுக்கி, மூழ்கவைத்து, மூடியிடுங்கள். கயிறு எதற்கென்றால், வெந்த கட்டு கையில் பிடிக்க முடியாத அளவுக்கு வழவழப்பாகவும் கனமாகவும் இருக்கும். கோலால் குத்தித் தூக்கினால் நார் மடங்கி அறும். கயிற்றின் இரு முனையையும் பிடித்து மொத்தமாகப் புரட்டலாம், மொத்தமாகத் தூக்கலாம்.

நான்கு அடுக்கையும் ஒன்றாகப் போடாதீர்கள். வெளி அடுக்குக்கு வேண்டிய நேரத்தில் கியாகி கரைந்தே போகும். ஒவ்வொரு அடுக்கும் தனிப்பானை.

இருபது நிமிடத்துக்குப் பிறகு சோதிக்கத் தொடங்குங்கள். ஒரு மட்டையை வெளியே எடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, அடிப்பக்கத்தைப் பெருவிரல் நகத்தால் அழுத்தி வழியுங்கள். சதை கூழாக வழிந்து, உள்ளே நார் பளபளப்பாகத் தெரிந்தால் பக்குவம். சதை துண்டுதுண்டாக உதிர்ந்தால் இன்னும் வேக வேண்டும். நாரை இரு கையிலும் பிடித்து இழுக்கும்போது ‘பட்’டென்று அறாமல் இழைந்து பிரிந்தால் அளவு மீறிவிட்டது, அந்தப் பானையின் கட்டை மெல்லிய வேலைக்கு எடுக்காதீர்கள்.

பக்குவம் வந்ததும் தாமதிக்காமல் தூக்கி, ஓடும் நீரில் வழுவழுப்பு போகும்வரை அலசுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ஊறவிடுவது பலர் செய்வது. அடுப்பு அணைந்தாலும் காரம் வேலையை நிறுத்துவதில்லை.

5. நாரை வழித்தெடுத்தல்

அலசிய மட்டையை ஈரம் காயாமல் வைத்திருங்கள். ஒவ்வொன்றையும் அகலவாக்கில் இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்துகொள்ளுங்கள். முழு அகலத்தில் வழித்தால் இடுக்கியின் அழுத்தம் நடுவில் சேராது.

இடது கையில் நாரைப் பிடித்து, வலது கை இடுக்கியால் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே கவ்வி, நுனி நோக்கி ஒரே நீள இழுப்பாக இழுங்கள். முதல் இழுப்பு லேசாக இருக்கட்டும், அதில் கூழ் மட்டும் வரட்டும். இரண்டாவது மூன்றாவது இழுப்பில் அழுத்தத்தைக் கூட்டுங்கள். பிறகு மீந்திருக்கும் அடித்துண்டைத் திருப்பிப் பிடித்து வழியுங்கள். முதல் இழுப்பிலேயே இறுக்கிக் கவ்வினால் கூழோடு மெல்லிய நார்களும் சுருண்டு வந்துவிடும். இடுக்கியில் கூழோடு வெள்ளை இழைகள் சிக்கியிருந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள்.

இந்த வேலையின் நடுவில்தான் இரண்டாவது பிரிப்பு நடக்கிறது. கையில் மென்மையாக, வெளிறி வரும் நார் ஊடைக்கு. விறைப்பாக, சற்றே நிறம் ஏறி வருவது பாவுக்கு. பாவு தறியில் இழுவிசையைத் தாங்க வேண்டும், அச்சில் (இழைகளைப் பிரித்து நிறுத்தி, ஊடையை அடித்து நெருக்கும் சீப்பில்) உரசிக்கொண்டே இருக்க வேண்டும். ஊடைக்கு அந்தச் சுமை இல்லை. வழிக்கும்போது விரலுக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும், காய்ந்த பிறகு தெரியாது. ஆகவே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடமில்லை.

காயவைப்பது நிழலில், காற்று வீசாத இடத்தில். வெயிலில் போட்டால் நார் விறைத்து நிறம் மாறும். காற்றில் போட்டால் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சிக்காகிவிடும்.

6. உருண்டை சுற்றுதல்

காய்ந்த நாரை உருண்டையாகச் சுற்றி வைப்பார்கள். இதற்குச் ‘சிங்கு’ என்று பெயர். நாரை லேசாகத் தட்டையாக்கி, அடியிலிருந்து நுனி நோக்கிச் சுற்றி, அடுத்த நாரை அதே திசையில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பாவு நாருக்குத் தனி உருண்டை, ஊடை நாருக்குத் தனி உருண்டை. மேலே சீட்டு எழுதிக் கட்டுங்கள். இறுக்கிச் சுற்ற வேண்டாம். நன்றாகக் காயாத நாரைச் சுற்றினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்; ஐயமிருந்தால் இன்னொரு நாள் நிழலில் விடுங்கள்.

7. பிளந்து முடிச்சிடுதல்

இதுதான் இந்தத் துணியின் நடுவேலை. நேரம் அதிகம் போவதும் இங்கேதான். துணியின் தரத்தைத் தறியைவிட இதுவே முடிவு செய்கிறது.

உருண்டையை நீரில் ஊறவைத்து, லேசாகப் பிழிந்து அவிழுங்கள். ஒரு நாரை எடுத்து அடிப்பக்கத்தைத் தேடுங்கள். அங்கே நகத்தால் கீறி, வேண்டிய பருமனுக்குப் பிளவைத் தொடங்கி, இரு பக்கத்தையும் சமமாக விலக்கிக்கொண்டே நுனிவரை போங்கள். பிளவு ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கினால், தடித்துப்போகும் பக்கத்தைச் சற்று அதிகமாக வளைத்து இழுங்கள். பிளவு தடித்த பக்கத்துக்கு நகர்ந்துவரும். இதைக் கற்றுக்கொள்ளாதவர்கள் பிளவு ஒதுங்கியதும் அறுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள். இழை குறுகிப்போய் முடிச்சு இரட்டிப்பாகிறது.

முதல் ஐம்பது இழையைக் கறுப்புத் துணிமேல் பக்கம்பக்கமாக விரித்துப் பாருங்கள். கறுப்பில் பருமன் வேறுபாடு உடனே தெரியும். சீரான நடுத்தரம் போதும். ஒன்று முடிபோலவும் மற்றொன்று நூல்கயிறு போலவும் இருந்தால் தறியில் மெல்லியது அறும், தடித்தது துணியில் வரிபோல எழும்பும்.

இழைகளை இணைப்பது நெசவாளர் முடிச்சால். வலது முனையை இடது முனைக்கு அடியில் குறுக்காக வைத்து, அந்தக் குறுக்கை இடது பெருவிரலால் அழுத்திப் பிடியுங்கள். வலது இழையின் நீளப் பக்கத்தைப் பெருவிரலுக்கு மேலாகக் கொண்டுபோய், அதன் சொந்த முனைக்குப் பின்னால் சுற்றி, இரண்டு முனைகளுக்கும் நடுவே முன்பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது பெருவிரல்மேல் ஒரு கண்ணி நிற்கும். இடது முனையை மடக்கி அந்தக் கண்ணிக்குள் நுழைத்து, பெருவிரலால் அமுக்கிக்கொண்டு, வலது இழையின் நீளப் பக்கத்தை இழுங்கள். முடிச்சு தானாக இறுகும். மிச்ச முனைகளைக் கத்தியால் முடிச்சை ஒட்டி நறுக்குங்கள்.

ஒவ்வொரு முடிச்சையும் இரு பக்கமும் இழுத்துச் சோதித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். இங்கே நழுவாத முடிச்சு தறியிலும் நழுவாது. ஈரமான நாரில் போட்ட முடிச்சு சிறியதாக இறுகும். காய்ந்த நாரில் போட்டால் நார் மடங்கும் இடத்திலேயே உடையும். ஆகவே விரலை நனைத்துக்கொண்டே இருங்கள். முனையை நீளமாக விட்டால் அச்சில் மாட்டும், பக்கத்து இழையையும் சேர்த்து இழுக்கும்.

ரேமி என்னும் செடியின் நாரில் நெய்யும் ஜப்பானிய ஊர்களில், எச்சிகோ, மியாகோ போன்ற இடங்களில், இரு முனைகளையும் சேர்த்து முறுக்கி இணைப்பார்கள், முடிச்சு இராது. அந்த முறையை இந்த வாழை நாரில் முயல வேண்டாம். இது வழவழப்பான, விறைத்த நார். முறுக்கு நிலைக்காமல் பிரிந்துவிடும்.

முடிச்சிட்ட இழையைக் கூடைக்குள் வட்டமாக விழவிடுங்கள். கூடையை அசைக்கவோ கவிழ்க்கவோ கூடாது; விழுந்த வரிசையிலேயே மேலிருந்து எடுத்தால்தான் சிக்காது.

8. முறுக்கு

ஊடை இழைக்கு முறுக்கு வேண்டாம். தட்டையாகவே போகட்டும், துணியின் பளபளப்பும் காற்றோட்டமும் அதிலிருந்தே வருகின்றன. பாவு இழைக்கும், கட்டிச் சாயமிடும் இழைக்கும் மட்டும் ராட்டையில் லேசான முறுக்கு. முறுக்காத பாவு அச்சில் உரசிச் சிலும்பிவிடும்.

தெளிப்பானால் நனைத்துக்கொண்டே முறுக்குங்கள். எவ்வளவு முறுக்கு என்பதற்கு ஒரு சோதனை: ஒரு முழ நீளத்தை இரு கையாலும் பிடித்து, கைகளை மெல்ல நெருக்குங்கள். இழை தொய்ந்து தொங்கினால் சரி. உடனே தன்மேல் சுருண்டுகொண்டால் மிகுதி. மிகுதியாக முறுக்கிய பாவில் துணி விறைப்பாக, உடம்பில் குத்துவதாக வரும். முறுக்கிய இழையை ஈரத்தோடு சட்டத்தில் சுற்றி, இழுவையிலேயே காயவிடுங்கள், முறுக்கு நிலைத்துவிடும்.

9. பாவு ஓட்டுதல், சாயம்

பாவு ஓட்டும் முறை, அதாவது பாவு இழைகளை ஒரே நீளத்தில் அளந்து வரிசைப்படுத்துவது, மற்றக் கைத்தறி வேலை போலத்தான். கவனிக்க வேண்டியது ஒன்றே: வாழை நார் பருத்திபோல் நீண்டு கொடுக்காது. ஓரிழை தளர்ந்தும் ஓரிழை இறுகியும் ஓட்டினால் தறியில் அது தானாகச் சரியாகாது, இறுகியது அறும். ஆகவே மெதுவாக, ஒரே இழுவையில் ஓட்டுங்கள்.

முதல் துணியைச் சாயமில்லாமல் நெய்யுங்கள். நாரின் தேன்நிறமே அழகு. பிறகு சாயத்துக்குப் போகும்போது இரண்டு நிறம் தெரிந்தால் போதும்: தெகாச்சி என்னும் மரத்திலிருந்து எடுக்கும் பழுப்பு, ரியூக்யூ அவுரியிலிருந்து எடுக்கும் நீலம். கசுரி என்னும் கட்டுச்சாய வடிவம் வேண்டுமென்றால், நெய்வதற்கு முன்பே இழைக்கற்றையில் சாயம் ஏறக் கூடாத இடங்களை இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு இதே செடியின் காய்ந்த வெளிப்பட்டையைத்தான் பயன்படுத்துகிறார்கள். நனைந்தால் ஊறி இன்னும் இறுகும்.

10. நெசவு: ஈரம் காத்தல்

தறியில் நடக்கும் சிக்கல்களில் பத்தில் ஒன்பது வறட்சியால் வருபவை. இந்த நார் ஈரத்தில் வளையும், வறண்டால் ஒடியும். மழைக்கால நெசவு என்பதற்குக் காரணம் இதுதான்.

மின்விசிறி, ஏசி இரண்டையும் அணையுங்கள். தறிக்குக் கீழே நீர் நிரம்பிய அகலப் பாத்திரம் அல்லது ஈரச் சாக்கு இருக்கட்டும். பாவில் அச்சுக்கும் விழுதுக்கும் (பாவு இழைகளை ஏற்றி இறக்கும் கண்ணிகளுக்கும்) இடைப்பட்ட பகுதியில் அடிக்கடி மெல்லிய தூவலாக நீர் தெளியுங்கள். சொட்டுச்சொட்டாக விழும் தெளிப்பான் உதவாது. சொட்டு விழுந்த இடம் மட்டும் ஊறித் தளரும், துணியில் அது அலையாகத் தெரியும்.

ஊடை இழையைத் தார் என்னும் சிறு குழலில் சுற்றி, நெய்வதற்கு முன் நனைத்து, ஈரத்துணியில் பொதிந்து வையுங்கள். ஒரு தடவைக்கு வேண்டிய தார்களை மட்டும் நனையுங்கள். ஊறியதை மறுபடி காயவைத்து மறுபடி நனைத்தால் இழை சிலும்பும்.

ஊடையைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடாவை ஓட்டியதும் ஊடையை இறுக்கி இழுக்காதீர்கள். கரை உள்ளே வளைந்துவரும். நீண்டுகொடுக்காத பாவு கரையில் அறும். சற்றுச் சாய்வாக விட்டு, பிறகு அச்சால் அடியுங்கள். துணியின் அகலத்தைப் பிடிக்கும் வளைகுச்சியை ஒவ்வொரு சாணுக்கும் மாற்றிக் குத்துங்கள்.

பாவு இழை அறுந்தால் உடனே நிறுத்துங்கள். அறுந்த இழையின் முனை பக்கத்து இழைகளில் சுற்றிக்கொண்டு இன்னும் நான்கைந்தை இழுத்துவிடும். அறுந்த இடத்தை நனைத்து, அதே நெசவாளர் முடிச்சால் துண்டிழை சேர்த்து, இழுவையைப் பக்கத்து இழையோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ஒரே இழை மூன்று தடவை அறுந்தால் குற்றம் அந்த இழையில் இல்லை. அச்சுப்பல்லில் பிசிர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வேலையை நிறுத்தி எழும்போது பாவின் இழுவையைத் தளர்த்துங்கள். இரவில் காற்று வறண்டால் இழுவையில் நிற்கும் நார் காலைக்குள் அங்கங்கே ஒடிந்திருக்கும்.

11. அலசி முடித்தல்

தறியிலிருந்து வெட்டிய துணி விறைத்து, காகிதம்போல ஓசையிடும். பலர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அது இன்னும் பாஷோஃபு ஆகவில்லை.

முதலில் வெறும் நீரில் அலசிக் காயவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தளர்ந்த முடிச்சும் விட்டுப்போன இழையும் இருக்கிறதா என்று பாருங்கள். சரிசெய்வதென்றால் இப்போதே.

அடுத்து இளம் சாம்பல் நீரில் வேகவையுங்கள். நாரைப் பிரிக்க வைத்த நீரைவிடக் காரம் குறைவாக இருக்கட்டும். இப்போது பசையெல்லாம் போய்விட்டது, மிச்சமிருப்பது நார் மட்டும். துணியை மடித்துத் திணிக்காமல் தளர்வாகப் போட்டு, இடையிடையே புரட்டுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள்.

இனி புளிப்பு. அரிசிக் கஞ்சியில் அரிசிமாவும் நீரும் கலந்து புளிக்கவைத்த ‘யுனாஜி’ என்னும் நீரில் துணியைச் சுமார் இரண்டு மணி நேரம் ஊறவைப்பார்கள். நாரில் தங்கிய காரத்தை இந்தப் புளிப்பு முறிக்கிறது, துணியும் குழைந்து மென்மையாகிறது. நம் வீட்டு நீராகாரம் நன்கு புளித்தால் எழும் வாசனைதான் இதிலும். மேல்நீரை வடிகட்டி எடுங்கள். பருக்கை ஒட்டினால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டாக நிற்கும். இந்தப் படியைத் தவிர்த்தால் காரம் நாரிலேயே தங்கி, காலப்போக்கில் துணி மஞ்சளித்து நொறுங்கும்.

புளிப்பு நீரிலிருந்து எடுத்துப் பல தடவை அலசி, பிழியாமல் தொங்கவிடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் விழும் மடிப்புக்கோடுகளில் நார் உடையும். அரை ஈரத்தில் இருக்கும்போது இருவர் எதிரெதிரே நின்று, முதலில் நீளவாக்கிலும் பிறகு அகலவாக்கிலும் மூலைக்கு மூலையும் இழுத்து, அகலத்தை ஒரே சீராகக் கொண்டுவாருங்கள். அளவுகோல் வைத்து ஒவ்வொரு முழத்திலும் அகலம் பாருங்கள்.

கடைசியாக, துணியைச் சமமான பலகைமேல் விரித்து, வழுவழுப்பான பீங்கான் கிண்ணத்தின் விளிம்பால் அழுத்தித் தேயுங்கள். முடிச்சுகள் படியும், தட்டை ஊடை விரிந்து இடைவெளியை நிரப்பும், பளபளப்பு எழும். விளிம்பில் சிறு உடைவு இருந்தாலும் இழையை வெட்டிவிடும் என்பதால் கிண்ணத்தை முதலில் நகத்தால் சுற்றிப் பாருங்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேய்த்து முடித்து, மடிக்காமல் ஒரு குழலில் சுருட்டி வையுங்கள். வறண்ட மாதங்களில் விரித்து எடுக்கும் முன் லேசாக நீர் தெளித்து, ஊறிய பிறகே மடியுங்கள்.